பழைய கடன் தவறியிருந்தாலும் வீட்டுக் கடன் பெறலாம்: மலையில் வாழும் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் வாடகை வீட்டிலோ, தோட்டக் குடியிருப்பிலோ, கூட்டுக் குடும்பத்தின் ஓர் அறையிலோ வாழ்கிற தம்பதிகள் பலருடைய சொந்த வீட்டு முயற்சி, "உங்களுக்குச் சிபில் (பழைய கடன்களைக் கட்டிய விதத்தைக் காட்டும் மதிப்பெண்) சரியில்லை, கடன் கிடைக்காது" என்று யாரோ சொன்ன அன்றே நின்றுவிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஊதாரித்தனத்தால் தவணை தவறியவர்கள் அல்லர். 2020இல் ஊரடங்கு வந்து சுற்றுலா நின்றபோது ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வாடகை வண்டி ஓட்டியவர்கள் வண்டிக் கடனைக் கட்ட முடியாமல் தவித்தார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கிய காலங்களில் சிறு விவசாயிகள் நகைக் கடனைத் திருப்ப இயலாமல் போனது. கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு ஒருமுறை போய் வந்த செலவே ஒரு குடும்பத்தின் தவணைகளைக் குலைத்துவிடும். இவ்வாறு தவறி, இப்போது நிலையான வருமானத்துக்கு வந்துவிட்ட கணவன் மனைவிக்காகவே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. வங்கி அதிகாரி உங்கள் பழைய கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் இருவரும் அதை ஒன்றாக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்பதே இதில் நான் வலியுறுத்த விரும்புவது. மற்ற படிகள் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் இருவருடைய அறிக்கையும்

இந்தியாவில் கடன் விவரங்களைத் திரட்டும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரவேண்டும். அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே பான் எண்ணும் கைபேசி எண்ணும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். இடைத்தரகர் தேவையில்லை. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள், அது உண்மையன்று. கடன் கேட்டு விண்ணப்பிக்கும்போது வங்கி பார்ப்பதுதான் விசாரணையாகப் பதிவாகும்.

சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். இத்தனைக்குக் கீழே இருந்தால் வீட்டுக் கடன் தரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் தயக்கமின்றிப் பேசும். அதற்குக் கீழே போகப் போக வட்டி கூடும், கேள்விகள் கூடும். ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே, கடந்த 36 மாதங்களுக்கு மாதம் ஒன்றாகச் சிறு கட்டங்கள் இருக்கும். கட்டத்தில் '000' என்றிருந்தால் அந்த மாதம் நிலுவை இல்லை. '030' என்றிருந்தால் தவணை முப்பது நாள் தாமதம். மூன்று எக்ஸ் எழுத்துகள் இருந்தால் அந்த மாதத் தகவலைக் கடன் கொடுத்தவர் அனுப்பவில்லை என்று பொருள். எண் 90ஐத் தாண்டிய கணக்கை வங்கி வாராக் கடனாக வகைப்படுத்தியிருக்கும். கடன் அதிகாரியின் கண் முதலில் போகும் இடம் இந்தக் கட்டங்கள்தான். எந்த ஆண்டில், எத்தனை மாதம் தொடர்ந்து தவறியது, பிறகு எப்போது சீரானது என்ற கதையை அவர் அங்கேயே படித்துவிடுவார்.

இருவருடைய அறிக்கையையும் மேசைமேல் விரித்து வைத்து, ஒவ்வொரு கணக்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: யாரிடம் வாங்கியது, எவ்வளவு, எப்போது தவறியது, இன்று என்ன நிலை. இந்த இடத்தில்தான் கணவருக்குத் தெரியாமல் மனைவி மகளிர் குழுவில் எடுத்த கடனும், மனைவிக்குத் தெரியாமல் கணவர் அண்ணனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் வெளியே வரும். ஜாமீன் போட்ட கடன் தவறினாலும் அது உங்கள் அறிக்கையில் நிற்கும். கல்விக் கடனில் பெற்றோர் இணைக் கடனாளியாக இருந்தால் அவர்கள் அறிக்கையிலும் நிற்கும். இது கோபப்படுவதற்கான நேரம் அன்று. வங்கியின் மேசையில் தெரியவருவதைவிட வீட்டுக்குள் தெரியவருவது எவ்வளவோ மேல்.

நுண்கடன் நிறுவனங்களும் இந்த நான்கு நிறுவனங்களுக்கும் தகவல் அனுப்பக் கடமைப்பட்டவை என்பதைப் பெண்கள் பலர் அறிவதில்லை. குழு கலைந்துபோனதால் கட்டாமல் விட்ட கடைசிச் சில வாரத் தவணைகள், தொகை ஆயிரமோ இரண்டாயிரமோ ஆனாலும், நிலுவை என்றே பதிவாகியிருக்கும். வீட்டுக் கடனுக்கு அதுவும் தடைதான்.

பெயர்க் குழப்பத்தையும் கவனியுங்கள். திருமணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின்னர் கணவரின் முதலெழுத்து; பான் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிக் கணக்கில் இன்னொன்று என்று நம் பெண்களுக்கு இருப்பது சாதாரணம். இதனால் ஒரே பெண்ணுக்கு இரண்டு பதிவுகள் உண்டாவதும், அதே பெயருள்ள வேறொருவரின் கடன் வந்து ஒட்டிக்கொள்வதும் நடக்கிறது. வீடு தேடத் தொடங்குமுன் பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரியாக இருக்கும்படி திருத்திவிடுங்கள்.

பிழையைத் திருத்துதல், நிலுவையை முடித்தல்

உங்களுடையதல்லாத கடன், முடித்த பிறகும் முடியாததுபோல் காட்டும் கடன், தவறான நிலுவைத் தொகை ஆகியவற்றுக்கு அந்த நிறுவனத்தின் தளத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்யலாம். முப்பது நாளுக்குள் தீர்க்கப்பட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 வீதம் இழப்பீடு தரவேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. அதன் பிறகும் பயனில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உண்மையான பதிவை மட்டும் யாராலும் அழிக்க முடியாது. "சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் பான் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால், பழைய கடனோடு புதிய கடன் ஒன்றும் உங்கள் பெயரில் சேர்ந்துகொள்ளக்கூடும்.

அதிகமான தம்பதிகளை ஏமாற்றும் இடம் செட்டில்மென்ட். எண்பதாயிரம் நிலுவைக்கு முப்பத்தைந்தாயிரம் கட்டி, 'முடிந்தது' என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள். அறிக்கையிலோ அந்தக் கணக்கு 'செட்டில்டு' என்று நிற்கும். முழுவதும் கட்டி முடித்த 'க்ளோஸ்டு' என்பதும் இதுவும் வங்கியின் பார்வையில் ஒன்றல்ல. மீதியைத் தள்ளுபடி செய்து ஒருவர் நஷ்டப்பட்டிருக்கிறார் என்றே அடுத்தவர் அதைப் படிப்பார். 'ரிட்டன் ஆஃப்', அதாவது வராது என்று கணக்கிலிருந்து தள்ளப்பட்ட கடன், என்றிருந்தால் இன்னும் கடினம். கையில் பணம் சேர்ந்திருக்கிறது என்றால், முன்பணத்தில் போடுவதற்கு முன்னால் இப்படிப்பட்ட பழைய கணக்குகளைத் தீர்ப்பதற்கே அதைச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்தக் கடன் இப்போது யாரிடம் உள்ளது என்று அறிக்கையில் பாருங்கள். சில பழைய கடன்கள், வாராக் கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டிருக்கும். உரியவருக்கு எழுத்து மூலம், "விடுபட்ட தொகையையும் செலுத்தினால் இக்கணக்கை முழுவதும் செலுத்தி முடிக்கப்பட்டதாகப் பதிவு செய்வீர்களா, அதற்கான தொகை எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். வசூலுக்கு வருபவரின் சொந்தக் கைபேசி எண்ணுக்கு அனுப்பாமல் கடன் கணக்கில் நேரடியாகச் செலுத்துங்கள். நிலுவை ஏதும் இல்லை என்று கூறும் நோ டியூ சான்றிதழை வாங்கிக் கோப்பில் வையுங்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், இரண்டு மாதத்துக்குள் மாற்றம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தச் சான்றிதழை இணைத்து ஆட்சேபம் போடுங்கள்.

இருவர் பெயரிலா, ஒருவர் பெயரிலா

கூட்டு விண்ணப்பத்தில் இருவருடைய வருமானமும் சேர்த்துக் கணக்கிடப்படும். இருவருடைய குறைகளும் சேர்த்தே பார்க்கப்படும். கணவருக்கு 640, மனைவிக்கு 770 என்றால் வங்கி சராசரி எடுத்து மகிழ்ந்துவிடாது. குறைந்த மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டே பேச வாய்ப்பு அதிகம். ஆகவே ஒருவருடைய வருமானம் மட்டுமே தவணைக்குப் போதுமானால், நல்ல அறிக்கை உள்ளவர் தனியாக விண்ணப்பிப்பது ஒரு வழி.

ஆனால் இதில் ஒரு முடிச்சு உண்டு. பத்திரத்தில் உரிமையாளராக இருப்பவர்கள் எல்லோரும் கடனிலும் சேர்ந்தே ஆகவேண்டும் என்று வங்கிகள் கேட்கும்; கடனில் சேர்பவர் உரிமையாளராக இருந்தே ஆகவேண்டும் என்பது இல்லை. கணவர் பெயரில் மட்டும் கடன் என்றால் கிரயப் பத்திரமும் அவர் பெயரில் மட்டுமே போகும். மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து பாதித் தவணையைக் கட்டப்போகிற மனைவியின் பெயர் பத்திரத்தில் எங்குமே இருக்காது. 'சிபில் சரியில்லாதவர்' என்று ஒதுக்கப்படுவது பல வீடுகளில் மனைவியே, அதுவும் குடும்பச் செலவுக்காகக் குழுவில் அவர் எடுத்துக் கொடுத்த கடனால். அவசரத்துக்காக அவரை உரிமையிலிருந்து நீக்குவதைவிட, ஓராண்டு பொறுத்து அவருடைய நிலுவையைத் தீர்த்து இருவர் பெயரிலும் வாங்குவதே நியாயம். மாறாக, மனைவியின் அறிக்கை நன்றாக இருந்தால் அவர் பெயரில் வாங்குவதற்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்குச் சில வங்கிகள் வட்டியில் சிறு சலுகை தருகின்றன. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

காத்திருக்கும் ஓராண்டு

பழைய நிலுவை தீர்ந்த உடனே விண்ணப்பிக்க வேண்டாம். குறைந்தது ஓராண்டு, முடிந்தால் இரண்டாண்டு, கட்டங்களில் சுழியங்கள் தொடர்ந்து விழ வேண்டும். கடனே இல்லாமல் இருந்தால் சுழியமும் விழாது. ஆகவே ஒரு சிறு வைப்புத்தொகையின் பேரில் கிடைக்கும் கடன் அட்டையை வாங்கி, அதன் வரம்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகாமல் மளிகைக்குப் பயன்படுத்தி, ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையைக் கட்டிவிடுங்கள். இந்தக் காலத்தில் யாருக்கும் ஜாமீன் போடாதீர்கள். கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் தவணைத் திட்டத்தில் கையெழுத்திடாதீர்கள். சிறு விவசாயியாக இருந்தால் பச்சைத் தேயிலைப் பணத்தைத் தொழிற்சாலையிலிருந்து வங்கிக் கணக்கிலேயே வாங்கி, மாதாந்தர ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். வண்டி ஓட்டுபவர் வசூலை அவ்வப்போது கணக்கில் செலுத்தி வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்தால், சம்பளச் சீட்டு இல்லாத குறையை அது பெருமளவு ஈடு செய்யும். விலை இறங்குகிற மாதமும் ஆள் வராத மழைக்காலமும் உங்கள் கணக்கில் எப்படித் தெரிகின்றன என்பதையும் அந்த ஓராண்டிலேயே நீங்கள் கண்டுகொள்வீர்கள். தவணையை முடிவு செய்ய வேண்டியது அந்த மெலிந்த மாதத்தை வைத்துத்தான்.

மலையில் நிலமே பாதிக் கேள்வி

சமவெளியில் எழுதப்படும் வழிகாட்டிகள் சிபிலோடு நின்றுவிடும். இங்கே சிபில் சீரான பிறகு நிலத்தால் மறுக்கப்பட்டவர்கள் ஏராளம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கியின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டி விடுங்கள். அந்தக் கட்டணம் வீண் செலவு ஆகாது.

கோத்தகிரி, குன்னூர், குந்தா பகுதிகளில் பாட்டன் காலத்து நிலம் பல பங்காளிகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருப்பது வழக்கம். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் அனுபவித்து வருவார்கள். ஊரில் அதற்கு மதிப்புண்டு, வங்கியில் இல்லை. பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரமும், உட்பிரிவு செய்யப்பட்ட தனிப் பட்டாவும் வேண்டும். வெளியூரில் இருக்கும் ஒரு பங்காளியின் கையெழுத்துக்காகவே மாதங்கள் ஓடிவிடும் என்பதால், மேலே சொன்ன காத்திருப்பு ஆண்டிலேயே இதையும் தொடங்கிவிடுங்கள்.

கூடலூர், பந்தலூர் வட்டங்களில் 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வரும் நிலங்களில் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டா இல்லாத அந்த நிலத்தை வங்கி அடமானமாக ஏற்காது. 'விரைவில் பட்டா வந்துவிடும்' என்று விற்பவர் சொல்லும் வார்த்தையை நம்பிச் சேமிப்பைக் கொடுத்துவிடாதீர்கள். மசினகுடி, வாழைத்தோட்டம், மாவனல்லா பக்கம் யானை வழித்தடத்துக்குள் வரும் இடமா என்று சர்வே எண்ணை வைத்துச் சரிபாருங்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழித்தட அறிவிக்கையை உறுதி செய்திருக்கிறது. அரசு ஒப்படைப்புப் பட்டாவில் விற்பனைக்குத் தடை விதிக்கும் நிபந்தனை இருக்கிறதா என்பதையும், பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமா என்பதையும் வழக்கறிஞர் பார்த்தாக வேண்டும்.

கட்டிய வீட்டை வாங்குவதானால் கட்டட அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். நீலகிரியில் கட்டடத்தின் உயரம் ஏழு மீட்டரைத் தாண்டக்கூடாது. இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்றாவதை எழுப்பியிருந்தால், வங்கியின் பொறியாளர் நேரில் வந்து பார்க்கும் அன்றே அது தெரிந்துவிடும். கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்கள் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் பூட்டி முத்திரையிடப்பட்டதை அறிந்தவர்கள் இதை எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சரிவில் உள்ள வீடு என்றால் தடுப்புச் சுவரையும், மேட்டிலிருந்து இறங்கும் மழைநீருக்கு வடிகால் இருக்கிறதா என்பதையும் நீங்களே நின்று பாருங்கள். 2009 நவம்பர் நிலச்சரிவுகளை இம்மாவட்டம் மறக்கவில்லை. வீட்டுக் காப்பீட்டில் நிலச்சரிவு என்ற சொல் எழுத்தில் உள்ளதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்திலும், பட்டாவை வருவாய்த்துறைத் தளத்திலும் எடுக்கலாம். முப்பது ஆண்டு வில்லங்கமும் தாய்ப் பத்திரமும் வங்கி கேட்கும்.

கைப்பணம் எவ்வளவு வேண்டும்

முப்பது லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பின் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதித்த உச்சவரம்பு. அது உங்கள் உரிமை அன்று. பழைய தவறு உள்ளவருக்கு 70 அல்லது 75 சதவீதத்தோடு வங்கி நின்றுவிடலாம் என்று எண்ணிக்கொண்டே திட்டமிடுங்கள். 28 லட்ச ரூபாய் வீட்டுக்கு 75 சதவீதம் கடன் என்றால் 21 லட்சம் கிடைக்கும். 7 லட்சம் கையிலிருந்து போக வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்ந்து ஏறக்குறைய 2,52,000 தனி; இதைப் பொதுவாக வங்கி கடனில் சேர்க்காது. வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், அடமானப் பதிவு, பரிசீலனைக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தால் பத்து லட்சம் இருப்பது நல்லது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் உங்களுக்கே கேடு. பத்திரத்தில் காட்டிய விலையின் மேல்தான் கடன் கணக்கிடப்படும்.

வட்டியில் இரண்டு சதவீதம் கூடினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். 21 லட்சத்துக்கு இருபது ஆண்டுக்கு 9 சதவீதத்தில் மாதத் தவணை ஏறக்குறைய 18,890. 11 சதவீதத்தில் 21,680. இருபது ஆண்டில் வித்தியாசம் ஆறரை லட்சத்துக்கு மேல். ஓராண்டுக் காத்திருப்புக்குக் கிடைக்கும் கூலி இதுவே.

விண்ணப்பமும் விளக்கக் கடிதமும்

ஐந்து இடங்களில் ஒரே வாரத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொன்றும் விசாரணையாகப் பதிந்து, பணத்துக்கு அலைகிறவர் என்ற தோற்றத்தைத் தரும். முதலில் சம்பளக் கணக்கு அல்லது சேமிப்புக் கணக்கு உள்ள பொதுத்துறை வங்கிக் கிளைக்கு நேரில் சென்று, விண்ணப்பம் போடாமலேயே பேசிப் பாருங்கள். அங்கே முடியாதபோது வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் உண்டு. அவை பழைய குறையைப் பொறுத்துக்கொள்ளும், வட்டியில் அதற்கு விலை வைக்கும். எங்கே வாங்கினாலும் கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதத்தை ஒப்பிடுங்கள்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். கெஞ்சல் வேண்டாம், நீண்ட சோகமும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"ஐயா, 2020 ஏப்ரல் முதல் ஏழு மாதங்கள் என் வாடகை வண்டி ஓடாததால் வண்டிக் கடனில் நிலுவை ஏற்பட்டது. 2022இல் அதைச் செட்டில்மென்ட் செய்தேன். சென்ற ஆண்டு மீதித் தொகையையும் செலுத்தி நோ டியூ சான்றிதழ் பெற்றுள்ளேன், நகல் இணைத்துள்ளேன். என் மனைவியின் குழுக் கடனில் இருந்த நிலுவையும் தீர்க்கப்பட்டது. கடந்த பதினெட்டு மாதங்களாக எங்கள் இருவர் கணக்கிலும் எந்தத் தவணையும் தவறவில்லை. ஆறு மாதத் தவணைக்கு ஈடான தொகையை வைப்பில் வைத்திருக்கிறோம்."

தேதி, காரணம், தீர்வு, சான்று என்ற நான்கும் இருந்தால் கிளை மேலாளர் தன் மேலிடத்துக்கு எழுதுவதற்கு அது துணையாகும். மறைத்து வைத்த கடன் ஒன்று பின்னால் தெரியவந்தால் மற்ற எல்லா உண்மையும் வீணாகும்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சிபிலா, வருமானமா, நிலமா என்பது தெரிந்தால்தான் அடுத்த ஆறு மாதத்தில் எதைச் சரிசெய்வது என்று தெரியும்.

கடன் கிடைத்த பிறகு

சம்பளமோ இலைப்பணமோ வரும் நாளுக்கு மூன்று நாள் தள்ளித் தவணைத் தேதியை அமைத்துக்கொள்ளுங்கள். வருமானம் வந்ததும் வேறு செலவுக்குப் போகுமுன் தவணை கழிந்துவிடும். இரண்டாண்டு ஒழுங்காகக் கட்டிய பின் குறைந்த வட்டி தரும் வங்கிக்குக் கடனை மாற்றலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது. கடன் முழுவதும் தீர்ந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ₹5,000 தரவேண்டும். பத்திரங்களை வாங்கிய கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தை நீக்கும் ரசீதுப் பத்திரத்தையும் பதிந்து, புதிய வில்லங்கச் சான்று ஒன்றை எடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.